தன் வயலிலிருந்து ஊர் வயலுக்கு
முதன்முறையாகத் தலைமைப் பொறுப்பேற்போருக்குச் சில சிந்தனைகள்

எமது கிராமங்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு சிறு கிராமத்திலேயே நாலைந்து பெயர்ப்பலகைகளைக் காணலாம். ஆனால் பெயர்ப்பலகை உள்ள இடமெல்லாம் சங்கம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், உதவி வரும்போது ஒரு பட்டியல், அதன் பின்னர் மௌனம். பல இடங்களில் இதுவே நிலைமை. காரணம் கேட்டால், “தலைவர் சரியில்லை” என்பார்கள். தலைவரைக் கேட்டால், “சனம் ஒத்துழைக்குதில்லை” என்பார்.

நாம் கவனித்த வரையில், இப்படிக் குறை சொல்லப்படும் தலைவர்களிற் பெரும்பாலானோர் கெட்டவர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். ஊரிலே நன்றாக வேலை செய்யக்கூடியவர் என்பதற்காகவே தெரிவு செய்யப்பட்டவர்கள். நேற்றுவரை தன் வயலைச் சிறப்பாகச் செய்தவர் இன்று நாற்பது குடும்பங்களின் வேலைக்குப் பொறுப்பாகிறார். இந்த மாற்றம் எத்தகையது என்பதை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைவர் உருவாகும் விதம்

முன்னைய காலத்தில் வயல்வெளியின் தலைமை ஓர் ஒழுங்கில் வந்தது. நீர்ப்பங்கீட்டையும் வாய்க்கால் வேலையையும் பார்ப்பதற்கு ஒரு விதானையார் இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்தில் அவரை வட்டவிதானை என்பர். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அந்தப் பழைய பதவிமுறையை மாற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. பின்னர் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்புகள் பதிவு செய்யப்படலாயின. ஆக, சட்டத்தின்படி தலைமை கமக்காரரின் கைக்கே வந்துவிட்டது. ஆனால் தலைமை தாங்கும் பழக்கம் சட்டத்தோடு கூடவே வந்து சேர்வதில்லை.

இடப்பெயர்வுகள் இந்தச் சிக்கலை மேலும் கூட்டின. 1995 இல் வலிகாமம் வெறுமையாயிற்று. 2006 இல் மூதூர் கிழக்கும் வாகரையும் இடம்பெயர்ந்தன. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்ந்து, ஈற்றில் முகாம்களில் அடைபட்டார்கள். ஒரே தறப்பாள் வரிசையில் பத்துக் கிராமத்துச் சனங்கள் இருந்தார்கள். யாருடைய பேச்சுக்கு ஊர் அடங்குமோ அந்தப் பெரியவர் எங்கோ, ஊரவர் எங்கோ. முகாமிலும் சரி, பின்னர் மீள்குடியேறிய இடங்களிலும் சரி, ஒரு நாளும் முன்னுக்கு நின்றிராத இளைஞரும் குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்களும் திடீரெனத் தலைவர்களானார்கள். “நீங்கள் நல்லாக் கமம் செய்யிறியள், நாலு எழுத்தும் தெரியும், நீங்களே இருங்கோ” என்று கையைத் தூக்கிவிட்டார்கள். சொந்தக் காணிக்கு இன்னமும் திரும்ப முடியாதிருக்கும் குடும்பங்களிடையேயும் இதுவே நடக்கிறது.

இங்கே தலைமை பிழைத்தால் நட்டம் சிறியதன்று. பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்துக்கு வீடில்லை. நீர்முறை குழம்பினால் கடைசி வயல் கருகும். எனவே, நல்ல கமக்காரரை நல்ல தலைவராக்குவது எமக்கு உயிர்ப்பிரச்சினையாகும்.

வேலை மாறிவிட்டது

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு வயல் வாய்க்கால் 600 யார் நீளம் என்று வைத்துக்கொள்வோம். புல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. சாதாரணமாக ஒருவர் ஒரு நாளில் 10 யார் துப்புரவு செய்வார். புதிய தலைவரோ கெட்டிக்காரர். அவர் 20 யார் செய்வார். “ஒருத்தரும் வரமாட்டினம், நானே செய்யிறன்” என்று அவர் இறங்கினால் 30 நாட்கள் செல்லும். அதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிடும். அவருடைய சொந்த வயலும் பற்றையாகிவிடும். ஊரவரோ வரம்பில் நின்று, “பாவம், மனிசன் நல்லாப் பாடுபடுகிறார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதே தலைவர் மண்வெட்டியை இரண்டு நாட்கள் சுவரிற் சாத்திவிட்டு, வாய்க்காலைப் பாவிக்கும் 20 வீடுகளுக்கும் போகிறார். யாருக்கு எந்த நாள் வசதி, யார் வீட்டில் நோயாளி, யாருக்கு யாரோடு கோபம் என்று கேட்டறிகிறார். இருபது பேரில் பதினைந்து பேர் ஒரு நாளுக்கு இணங்குகிறார்கள். பதினைந்து பேர் நாளொன்றுக்கு 150 யார் வெட்டினால், நான்கு நாட்களில் 600 யாரும் முடிந்துவிடும். வீடு வீடாகச் சென்ற இரண்டு நாட்களையும் சேர்த்தால் ஆறு நாட்கள்.

இந்த இரண்டு நாட்களில் தலைவர் ஒரு பிடி மண்ணும் வெட்டவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அவர் “சும்மா ஊர் சுற்றினார்.” அவருக்கேகூட அப்படித்தான் தோன்றும். உடலால் உழைத்துப் பழகியவருக்கு, மாலையில் உடம்பு நோகாவிட்டால் அன்று வேலை செய்யவில்லை என்றே மனம் சொல்லும். புதிய தலைவர் தாண்டவேண்டிய முதலாவது வரம்பு இதுவேயாகும். அவருடைய விளைச்சல் இனிமேல் மற்றவர்களின் வயல்களில் இருக்கிறது. தான் எவ்வளவு வெட்டினேன் என்று பார்ப்பது பழைய அளவுகோல். எத்தனை பேர் மண்வெட்டி தூக்கினார்கள், கடைசி வயலுக்கு நீர் போனதா என்று பார்ப்பதே புதிய அளவுகோல்.

இது எமது கிராமங்களுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. அமெரிக்காவில் விற்பனைத் தொழில் செய்வோரைப் பற்றி மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 2019 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகமாக விற்றவர்களையே நிறுவனங்கள் மேலாளராக உயர்த்தின. ஆனால் தனித்து அதிகம் விற்றவர் மேலாளரானபோது, அவரின் கீழ் வேலை செய்தோரின் விற்பனை பொதுவாகக் குறைந்தே காணப்பட்டது. முன்னரே மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகியவர்களோ நல்ல மேலாளர்களாக விளங்கினார்கள். தனியே ஓடிப் பழகியவருக்குச் சேர்ந்து நடப்பது கடினம் என்பதையே இது காட்டுகிறது.

கல்லோயாவில் நடந்தது

எமது நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கல்லோயா என்றதும் 1956 ஆம் ஆண்டு யூன் மாதம் அங்கு தமிழர்மீது நடந்த வன்செயலே எமக்கு நினைவுக்கு வரும். அந்த நினைவை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் அதே திட்டத்தின் இடதுகரையில் நடந்த வேறொரு காரியத்தையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

வாய்க்கால்கள் சீரழிந்து, மேற்பக்கத்தார் அளவுக்கு மிஞ்சி நீர் எடுக்க, கடைப்பக்கத்து வயல்களுக்கு நீர் எட்டாத நிலை அங்கு இருந்தது. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981 இல் இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அங்கு அனுப்பின. அந்த ஆண்டு குளத்திலும் நீர் குறைவு. அமைப்பாளர்கள் போனவுடன் சங்கம் தொடங்கவில்லை. தலைவர் தெரிவும் நடத்தவில்லை. கமக்காரரோடு தங்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலைப் பாவிக்கும் சில குடும்பங்கள் கூடிப் பேசின. வாய்க்காலைத் துப்புரவாக்கின, முறைவைத்து நீர் பாய்ச்சின, மிஞ்சிய நீரைக் கீழே விட்டன. மேற்பகுதிச் சிங்களக் கமக்காரர் மிச்சம் பிடித்துவிட்ட நீர் கீழ்ப்பகுதித் தமிழ்க் கமக்காரரின் வயல்களுக்குச் சென்றதும் உண்டு.

இப்படி வேலையில் இறங்கிய பின்னரே ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பிரதிநிதியைத் தெரிந்தார்கள். வாக்கெடுப்பில் ஒரு பக்கம் வென்று மறுபக்கம் தோற்கும் முறையைத் தவிர்த்து, எல்லோரும் இணங்கக்கூடிய ஒருவரையே தேடினார்கள். அவருக்குச் சம்பளம் இல்லை. இந்த அனுபவத்தைக் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொவ் 1992 இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, சிறிய வேலையொன்றைச் சேர்ந்து செய்து பார்த்த பின் தலைவரைத் தெரிவதே நல்லது. யாருடைய வயல் பச்சையாக இருக்கிறது என்பது வீதியிலிருந்தே தெரியும். யார் கூப்பிட்டால் மற்றவர்கள் வருவார்கள் என்பதோ சேர்ந்து வேலை செய்யும்போதுதான் வெளிச்சமாகும். இரண்டாவது, குழு சிறிதாக இருக்கவேண்டும். இருபது குடும்பங்களின் முகமும் குறையும் ஒருவருக்கு மனப்பாடமாக இருக்கும். இருநூறு குடும்பங்களினது இராது. பெரிய சங்கத்தின் புதிய தலைவர், வாய்க்காலுக்கு ஒருவர் அல்லது ஒழுங்கைக்கு ஒருவர் என்று பொறுப்பாளரை வைத்துக்கொண்டால் சுமையும் குறையும். நாளைய தலைவர்களும் உருவாவார்கள்.

வேலையைக் கொடுக்கப் பழகுதல்

“வேலையைப் பகிர்ந்து கொடுங்கள்” என்று எல்லாக் கருத்தரங்குகளிலும் சொல்கிறார்கள். எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி. ஒரு கெட்டிக்காரத் தலைவர் நீர்முறைப் பட்டியல் எழுதும் வேலையை ஓர் இளைஞனிடம் கொடுக்கிறார். இளைஞன் இரண்டு பெயரை மாறி எழுதிவிடுகிறான். தலைவர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் தாளை வாங்கி, “விடு தம்பி, நான் எழுதுறன்” என்கிறார். கோபத்தில் அவர் அப்படிச் சொல்லவில்லை. நேரம் போகக்கூடாது என்றே சொன்னார். ஆனால் அன்றுமுதல் அந்த இளைஞன் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விடுகிறான். பார்த்துக்கொண்டிருந்த மற்ற இளைஞரும் எந்த வேலைக்கும் கை உயர்த்துவதில்லை. ஐந்து நிமிட மிச்சத்துக்காகச் சங்கம் ஒரு செயலாளரை இழந்துவிட்டது.

வேலை கொடுக்கும்போது நான்கு விடயங்களைக் கவனித்தல் வேண்டும்.

1. முழு வேலையாகக் கொடுங்கள். “கொஞ்சம் உதவி செய்” என்பது வேலையன்று. “இந்த வாய்க்காலின் நீர்முறை உன் பொறுப்பு” என்பதே வேலை.

2. எதற்காக என்று சொல்லுங்கள். கடைசி வயலுக்கு நீர் எட்டவேண்டும் என்று தெரிந்தவன், பட்டியலில் இல்லாத சிக்கல் வந்தாலும் யோசித்து நடப்பான்.

3. எந்த நாள் முடியவேண்டும், எந்த நாள் இடையிற் பார்ப்போம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு முன் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது நம்பிக்கையீனம்; அந்த நாளிலும் போகாதிருப்பது அலட்சியம்.

4. பிழை வந்தால் வேலையைத் திருப்பி எடுக்காதீர்கள். பக்கத்தில் இருத்தி, அவர் கையாலேயே திருத்துவியுங்கள். முதற்தடவை உங்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுப்பார். மூன்றாம் தடவை நீங்கள் அங்கு இருக்கவேண்டியதே இராது.

எமது கமக்காரருக்கு இது புதிதன்று. மகனுக்கு உழவு பழக்கிய ஒவ்வொரு தகப்பனும் இதையே செய்தார். கோணல் சால் போகிறது என்று தெரிந்தும் கலப்பையைப் பிடுங்காமல் பின்னாலேயே நடந்தார். அதே பொறுமையை இப்போது ஊரவர்மீது காட்டவேண்டியிருக்கிறது.

நேற்றைய நண்பன்

புதிய தலைவருக்கு வரும் மிகக் கடினமான சோதனை அதிகாரிகளிடமிருந்து வருவதில்லை, நண்பர்களிடமிருந்தே வருகிறது. நேற்றுவரை ஒன்றாகத் தேநீர் குடித்தவன், “எங்கடை ஆள்தானே தலைவர்” என்ற உரிமையில் முறையை மீறுவான். கண்டும் காணாததுபோல் விட்டால் சங்கத்தின் விதி அன்றே செத்துவிடும். கூட்டத்தில் எழுப்பி அவமானப்படுத்தினால் நட்பும் போகும்; ஊரில் இரண்டு கட்சியும் உண்டாகும். இப்படிப் பேசிப் பார்க்கலாம்:

“மச்சான், ராத்திரி துருசுக் கதவு திறந்து கிடந்தது. நேற்று உன்ரை முறை இல்லை.”

“ஓமடாப்பா, பயிர் வாடுது. நான் என்ன செய்ய?”

“வாடினால் எனக்கு வந்து சொல்லு. எல்லாரையும் கேட்டு முறையை மாத்துவம். நீ ராத்திரித் திறந்ததாலை கடைசி வயல் அக்காவுக்கு இண்டைக்குத் தண்ணி இல்லை. அவ பிள்ளையளோடை தனியச் செய்யிறா, உனக்குத் தெரியும்தானே.”

“அவவின்ரை முறை எண்டு நான் யோசிக்கேல்லை.”

“இண்டைக்கு உன்ரை முறையை அவவுக்கு விடு. ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிப்போட்டு வருவம்.”

இதில் நாம் கவனிக்கவேண்டியவை சில. தலைவர் தாமதிக்கவில்லை, மறுநாளே பேசினார். தனியாகப் பேசினார். “நீ கள்ளன்” என்று ஆளைச் சொல்லவில்லை. நடந்த காரியத்தையும் அதனால் பாதிக்கப்பட்டவரையுமே சொன்னார். பரிகாரத்தையும் காட்டி, அதற்குத் தானும் கூடப்போனார். இதன் பின்னும் மீறினால், சங்கத்தின் விதிப்படி நிர்வாக சபைக்கு விடயத்தைக் கொண்டுசெல்லத் தயங்கலாகாது. அப்போது அது தலைவரின் பழிவாங்கலாகத் தோன்றாது.

பட்டியலும் பணமும்

இடம்பெயர்ந்த மக்களிடையே சங்கங்களை உடைத்தவை பெரும்பாலும் இந்த இரண்டுமே. விதைநெல், உழவுக்கூலி, வீட்டுத்திட்டம், கிணறு என்று எது வந்தாலும் இருப்பதைவிடக் கேட்போர் அதிகம். சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாமல் பங்கு பிரிக்கும்போதும் அப்படியே. தலைவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இருட்டில் எழுதப்பட்ட பட்டியலை எவரும் நம்பமாட்டார்கள். நேர்மை உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது. ஊரவரின் கண்ணுக்கும் தெரியவேண்டும்.

எனவே, பட்டியல் எழுதுவதற்கு முன்னரே, யாருக்கு முதலிடம் என்பதைப் பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்மானியுங்கள். பெண் தலைமைக் குடும்பம், அங்கவீனமுற்றோர் உள்ள குடும்பம், இதுவரை எந்த உதவியும் பெறாத குடும்பம் என்று ஊரே வரிசையைச் சொல்லட்டும். பெயர்கள் அதன் பின்னர் வரட்டும். எழுதிய பட்டியலைப் பொதுவிடத்தில் ஒட்டி, ஆட்சேபனை சொல்ல ஒரு வாரம் விடுங்கள். தலைவரின் வீட்டாரோ நெருங்கிய உறவினரோ பட்டியலில் வந்தால், அந்தப் பெயரைப் பற்றிப் பேசும் நேரத்தில் தலைவர் வெளியே போயிருப்பது நல்லது.

பணத்தில் தலைவர் கையால் தொடுவது எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம், வாங்கிய ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் பொருளாளர் வரவு செலவை உரத்து வாசித்தல் ஆகிய மூன்றும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. எழுத வாசிக்கத் தெரியாத உறுப்பினரும் காதால் கேட்டுக் கணக்குப் பார்க்கக் கூடியவர்களே.

கூட்டத்தில் யார் பேசுகிறார்கள்?

புதிய தலைவர் பலர் கூட்டம் என்றால் தாம் பேசவேண்டும் என்று எண்ணுகிறார்கள். ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்பார்கள். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள்; வீதியில் இறங்கியதும் வேறு கதை பேசுவார்கள். தலைவர் கடைசியிற் பேசும் கூட்டமே நல்ல கூட்டம். முதலிற் பேசிவிட்டால், அவருக்கு மாறாகச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள். பின்னால் மௌனமாக இருப்பவரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு கேட்கவேண்டும்: “அம்மா, உங்கடை வயல் கடைசியிலை. உங்களுக்கு இந்த முறை சரிவருமோ?” கூட்டம் முடியுமுன், யார், என்ன வேலை, எந்தத் திகதிக்குள் என்பதைச் செயலாளர் எழுதி வாசிக்கவேண்டும். அடுத்த கூட்டம் அந்தத் தாளோடு ஆரம்பிக்கட்டும்.

தலைவியானால்

போருக்குப் பின் பல கிராமங்களில் மாதர் சங்கங்களே உயிரோடு இயங்குகின்றன. வீட்டுத்தோட்டத்தையும் ஆடு கோழியையும் தனியே பார்த்து முன்னேறிய ஒரு பெண் தலைவியானால், மேற்சொன்னவற்றோடு இன்னும் சில சுமைகள் சேருகின்றன. அலுவலகத்துக்குப் போனால் “வீட்டைப் பாராமல் திரியிறா” என்பார்கள். உறுதியாகப் பேசினால் “வாய்க்காரி” என்பார்கள். ஆண் தலைவர் அதே சொல்லைச் சொன்னால் “கண்டிப்பானவர்” என்ற பெயர் கிடைக்கும்.

இதற்கு அந்தப் பெண்ணைத் தைரியமாக இருக்கச் சொல்வது மட்டும் தீர்வாகாது. கமநல சேவை நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகும்போது இருவராகப் போகும் வழக்கத்தைச் சங்கம் ஏற்படுத்தவேண்டும். கூடப்போகும் இரண்டாவது பெண்ணும் அதனால் அலுவலக நடைமுறையைக் கற்றுக்கொள்வாள். கூட்ட நேரத்தைப் பெண்கள் வீட்டுவேலை முடித்து வரக்கூடிய நேரத்தில் வைக்கவேண்டும். தலைவியின் பிள்ளைகளை அன்று பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வது தருமமன்று. அது சங்க வேலையின் ஒரு பங்கு.

தலைவரின் சொந்த வயல்

ஊர்வேலையில் இறங்கியவரின் வயல் புல்மண்டிப் போவதை நாம் பல இடங்களிற் காண்கிறோம். மனைவியும் பிள்ளைகளும் அந்தச் சுமையைச் சுமக்கிறார்கள். இரண்டு போகம் பொறுப்பார்கள். மூன்றாம் போகத்தில் வீட்டில் சண்டை வரும். அந்தச் சலிப்பில் ஒன்று அவர் பதவியை விடுவார். அல்லது பதவியால் ஏதாவது கிடைக்காதா என்று யோசிக்கத் தொடங்குவார். பல நல்ல மனிதர்கள் சறுக்கிய இடம் இது.

ஆகவே, தலைவர் கிழமையில் இன்ன நாட்கள் சொந்த வேலைக்கு என்று ஒதுக்கி, அதை ஊருக்கும் சொல்லிவிடவேண்டும். சங்க வேலையாகப் போகும் பஸ் செலவைச் சங்கம் கொடுக்கவேண்டும். அதை வாங்குவதில் வெட்கமில்லை. ஆளுக்கு ஆள் மாறி வேலை செய்யும் வழக்கம் எம்மிடம் பழையது. நடுகைக்கும் அரிவுவெட்டுக்கும் தலைவரின் வயலிலும் உறுப்பினர் ஒரு நாள் இறங்கினால், அது இலஞ்சமாகாது. அவர் ஊருக்குக் கொடுத்த நாட்களுக்கு ஊர் திருப்பிக் கொடுக்கும் நாளாகும். இதையும் பொதுக்கூட்டத்தில் பேசி எழுதிவிட்டால் எவரும் குறை சொல்ல இடமில்லை.

உறுப்பினருக்கும் ஒரு சொல்

தலைவர் தனியாக உருவாவதில்லை. தெரிவு செய்த மறுநாளே எல்லாச் சுமையையும் அவர் தலையில் இறக்கிவிட்டு, பிழை வந்தால் மட்டும் கூடிப் பேசும் ஊருக்கு நல்ல தலைவர் கிடைப்பது அரிது. புதியவருக்கு ஒரு வருடமாவது பழகக் காலம் கொடுங்கள். குறையிருந்தால் தேநீர்க் கடையில் பேசாமல் அவர் வீட்டு முற்றத்தில் பேசுங்கள். கொடுத்த சிறு வேலையைச் சொன்ன திகதியில் முடித்துக் கொடுங்கள். முன்னர் தலைவராக இருந்தவர்களும் ஒதுங்கிவிடாமல், கேட்டால் மட்டும் ஆலோசனை சொல்லும் பெரியவர்களாகப் பக்கத்தில் இருப்பது பெரும் உதவி.

புதிய தலைவரும் முதல் நாளிலிருந்தே ஒரு கேள்வியை மனதில் வைத்திருக்கவேண்டும்: நாளை நான் நோயில் விழுந்தால், அல்லது மீண்டும் எல்லோரும் வெவ்வேறு திசைகளில் இடம்பெயர நேர்ந்தால், இந்த வேலையைத் தொடர எத்தனை பேருக்குத் தெரியும்? பல தடவை எல்லாவற்றையும் இழந்த எமக்கு இது வெறும் கற்பனையன்று. ஒருவர் தலையில் மட்டும் இருக்கும் சங்கம் அவரோடு போய்விடும். பத்துப் பேரின் பழக்கமாகிவிட்ட சங்கமோ எந்த மரத்தடியிலும் மறுபடி கூடும்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது சங்கத்தின் தலைவரை எதற்காகத் தெரிவு செய்தோம்? நன்றாக வேலை செய்வதற்காகவா, மற்றவர்களைச் சேர்ப்பதற்காகவா?

2. கடந்த ஆறு மாதங்களில் தலைவர் மட்டுமே செய்த வேலைகள் எவை? அவற்றில் எவற்றை, யாரிடம் கொடுக்கலாம்?

3. கடைசியாக எழுதிய பயனாளிகள் பட்டியல் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்ததா?

4. எமது வாய்க்காலின் அல்லது ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர் கூட்டத்தில் எப்போது பேசினார்? என்ன சொன்னார்?

5. அடுத்த தலைவராக வரக்கூடிய இருவரை இப்போதே சொல்ல முடியுமா? அவர்களுக்கு இன்று என்ன வேலை கொடுத்திருக்கிறோம்?